கீழ்த்தளத்துப் பாடம்

அதிபர் அடைக்கலநாதன் நல்ல மனிதர் என்றுதான் மெற்றில்டா முதலில் நினைத்தாள். மகளை உயர்தரத்துக்குச் சேர்க்கப் போன அன்று அவர் கதிரையை விட்டு எழுந்து வந்து, லவீனாவின் சக்கர நாற்காலி உள்ளே வரும்வரைக்கும் கதவைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பெறுபேற்றைப் பார்த்தார். "கணக்குக்கும் ஏ, வணிகத்துக்கும் ஏ. கெட்டிக்காரப் பிள்ளை" என்றார். பிறகு மேசையில் இருந்த பேனையை எடுத்தார்.

"அப்ப கலைப்பிரிவிலை போடுவம்."

"நான் வர்த்தகப் பிரிவு கேட்டனான், சேர்" என்றாள் லவீனா.

"விளங்குது பிள்ளை. ஆனா வர்த்தக வகுப்பு மேல்மாடியிலை. கீழை இருக்கிறது கலைப்பிரிவுதான்."

அவர் பகிடி விடுகிறார் என்று எண்ணி மெற்றில்டா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

லவீனாவுக்குப் பிறக்கும்போதே முதுகெலும்பில் குறை. கைக்குழந்தையிலேயே சத்திரசிகிச்சை செய்தும் கால்கள் இரண்டும் அசையவில்லை. குருநகரில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்பும் நிலத்தோடு இருந்தபடியால் சாதாரண தரம் வரைக்கும் ஒரு கரைச்சலும் இல்லாமல் படித்து முடித்தாள். அங்கே உயர்தரம் கிடையாது. தகப்பன் லெனாட் கடலுக்குப் போகிறவன். தாய் சந்தையில் மீன் விற்கிறவள். கணக்கீடு என்றொரு பாடம் இருக்கிறது என்பதே அந்த வீட்டுக்கு லவீனா சொல்லித்தான் தெரியும். கணக்காளராக வரவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. "கதிரையிலை இருந்து செய்யிற வேலைதானே அம்மா. நான் எப்பிடியும் கதிரையிலைதான் இருக்கப்போறன்" என்று தானே பகிடியும் விடுவாள்.

அப்படிப்பட்டவள் அன்று அதிபரின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "வர்த்தக வகுப்பைக் கீழை கொண்டுவர ஏலாதா, சேர்?"

அதிபர் பொறுமையாக விளக்கினார். கலைப்பிரிவில் பிள்ளைகள் அதிகம், அவர்களை மேலே அனுப்ப முடியாது. மற்றைய அறைகளில் ஒன்று அலுவலகம், ஒன்று ஆசிரியர் ஓய்வறை. மூலையில் இருந்த கண்ணாடி யன்னல் அறையைக் கைநீட்டிக் காட்டி, அது என்ன அறை என்று மெற்றில்டா கேட்டாள்.

"அது திறன் வகுப்பறை. பழைய மாணவர் சங்கத்தின்ரை கனடாக் கிளை செய்து தந்தது. ஏசி, பெரிய திரை எல்லாம் இருக்கு. பெறுமதியான சாமான். கண்டபாட்டுக்குத் திறக்கேலாது."

கதவில் ஒரு பெரிய ஆமைப்பூட்டுத் தொங்கியது. பக்கத்துச் சுவரில், அறையைக் கட்டித் தந்தவர்களின் தாய் தகப்பன் பெயர் பொறித்த கறுப்புக் கல்.

கடைசியில் அதிபரே ஒரு வழி சொன்னார். "பெடியள் நிக்கிறாங்கள். காலமை கதிரையோடை தூக்கிக்கொண்டு போய் மேலை விடுவாங்கள், பின்னேரம் இறக்குவாங்கள். எங்கடை பிள்ளையள் நல்ல பிள்ளையள்."

மெற்றில்டா கையெடுத்துக் கும்பிட்டாள். திரும்பி வரும்போது, ஓட்டோ குருநகர்ச் சந்திக்குக் கிட்ட வந்த பிறகுதான் லவீனா சொன்னாள்.

"எனக்குப் பதினேழு வயசு அம்மா. பெடியள் என்னைத் தூக்கிறதோ?"

"தூக்கினா என்ன, தேஞ்சா போவாய்? படிப்பெல்லோ முக்கியம். அந்த மனுசன் இவ்வளவு செய்யுது, நீ பிரச்சினை எடுக்காதை."

லவீனா பிரச்சினை எடுக்கவில்லை. வெள்ளைச் சீருடைப் பாவாடைக்கு உள்ளே நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு போகத் தொடங்கினாள். வெயில் கொளுத்துகிற நாளிலும் அதைக் கழற்றவில்லை. நாலு பெடியள் நாலு மூலையில் பிடித்துத் தூக்குவார்கள். அவர்களில் ஜெரிசன் என்பவன் பாசையூர்ப் பக்கத்துப் பிள்ளை. தூக்கும்போதெல்லாம் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வான். இடைவேளைக்கு எல்லோரும் கீழே இறங்க, லவீனா மேலேயே இருப்பாள். சானுயா என்ற சிநேகிதி மட்டும் அவளோடு நின்று சாப்பிடுவாள். வர்த்தகப் பாடமோ பிடித்திருந்தது. கணக்கீடு படிப்பித்த வாகீசன் சேர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதி முடிக்கும் முன்னரே லவீனா விடையைச் சொல்லிவிடுவாள் என்று சானுயா வந்து மெற்றில்டாவிடம் சொன்னாள். தாய்க்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்துபோனது.

அந்தப் பெருமை மழைக்காலம் வரைக்கும்தான் நின்றது.

ஒருநாள் சந்தையில் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கடை றோஸ் போனை நீட்டினாள்.

"மெற்றில்டா, உன்ரை மகளடி! உலகமெல்லாம் பாக்குது."

மெற்றில்டா கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தின் முகநூல் பக்கம். நாலு பெடியள் படியால் ஒரு சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். யாரோ படிக்குக் கீழே நின்று எடுத்திருக்கிறார்கள். பின்னாலே வயலின் அழுகிறது. "மனிதம் இன்னும் சாகவில்லை" என்று பெரிய எழுத்து. கதிரையில் இருந்த லவீனா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பாவாடையை முழங்காலோடு சேர்த்து அமத்திப் பிடித்திருந்தாள். கீழே இருந்து எடுத்தபடியால் அவள் என்ன செய்கிறாள், ஏன் செய்கிறாள் என்பது வடிவாகத் தெரிந்தது.

றோஸ் கீழே இருந்த கருத்துகளை வாசித்துக் காட்டினாள். இந்தப் பெடியளைப் பெற்ற வயிறுகள் வாழ்க. கண் கலங்குது. பாவம் அந்தப் பிள்ளை. அதிபருக்கு ஒரு சல்யூட். ஆயிரக்கணக்கானோர் வந்து எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். நடக்க முடியாத ஒரு பிள்ளையின் வகுப்பு எதற்காக மேல்மாடியில் இருக்கிறது என்று அத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மெற்றில்டா போனைத் திருப்பிக் கொடுத்தாள். அரைவாசி வெட்டிய பாரையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

லவீனா ஏற்கெனவே பார்த்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த உடுப்போடு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தாய் தோளில் கைவைக்க, உதறிவிட்டாள்.

"இனி நான் போகமாட்டன்."

"ஆர் எடுத்தது பிள்ளை?"

"ஆர் எடுத்தா என்ன? தூக்கச் சொன்னது நீங்கள்தானே. தேஞ்சா போவாய் எண்டு கேட்டது நீங்கள்தானே."

மெற்றில்டாவுக்கு அந்தச் சொல் கன்னத்தில் அறைந்தது போல விழுந்தது. வெளியே வந்து கிணற்றடியில் நின்றாள். அவளுக்கு வந்த ஆத்திரம் மகளில் இல்லை, தன்னில்கூட இல்லை. கையெடுத்துக் கும்பிட்டோமே, அந்தக் கும்பிடை நினைக்க நினைக்கத்தான் ஆத்திரம் கூடியது. படிக்கிறதற்கு வகுப்புக்குள்ளே போகிறது பிள்ளையின் உரிமை. அதை ஒரு பிச்சைபோலத் தந்து, தந்ததைப் படமும் பிடித்து, அந்தப் படத்துக்குப் பாட்டும் போட்டிருக்கிறார்கள்.

கரையில் வலையின் கிழிசல்களைப் பொத்திவிட்டு வந்த லெனாட் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"நாங்கள் போய்ச் சண்டை பிடிச்சா அது பிள்ளையிலைதான் வந்து விடியும். கொஞ்சம் பொறுத்துப் போவம்."

"இவ்வளவு நாளும் பொறுத்தது காணும்" என்றாள் மெற்றில்டா.

அடுத்தநாள் கல்விப் பணிமனைக்குப் போனாள். உடற்குறை உள்ள பிள்ளைகளை மற்றவர்களோடு சேர்த்துப் படிப்பிக்கிற உட்படுத்தல் கல்விக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் எங்கே என்று வாசலில் கேட்க, மேலே போகச் சொன்னார்கள். இரண்டு மாடி. மின்தூக்கி கிடையாது. மகளைக் கூட்டிவராதது நல்லதாகப் போயிற்று என்று எண்ணியவளுக்கு, பாதிப் படியில் நின்று, இதிலே என்ன நல்லது என்று தன்னையே ஏசத் தோன்றியது.

உத்தியோகத்தர் உதயகலா கண்ணாடி போட்ட, மெல்லக் கதைக்கிற பெண். மெற்றில்டா சொன்னதை எல்லாம் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அம்மா, உடற்குறைபாட்டைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையையும் மறுக்கக் கூடாது எண்டு சுற்றுநிருபம் இருக்கு. அவை உங்கடை பிள்ளையை மறுக்கேல்லைத்தானே. சேர்த்திருக்கினம்தானே."

"சேர்த்து என்ன? படிக்குக் கீழை விட்டிருக்கினம்."

"பழைய கட்டடங்களுக்குச் சாய்தளம், மின்தூக்கி எல்லாம் நிதி வந்தாத்தான். அடுத்த வருசத் திட்டத்திலை போட்டிருக்கு."

"அடுத்த வருசம் அவள் சோதினை எடுக்கிற வருசம். சாய்தளமும் வேண்டாம், மின்தூக்கியும் வேண்டாம். கீழை ஒரு அறை பூட்டிக்கிடக்கு. அதைத் திறக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

உதயகலா பேனையால் மேசையில் தட்டினாள். "அது அதிபரின்ரை உள்வீட்டு விசயம். நாங்கள் தலையிடேலாது. உண்மையைச் சொன்னா அம்மா, உங்கடை பாடசாலையை நாங்கள் ஒரு முன்மாதிரியாத்தான் பாக்கிறம். அந்த வீடியோவை மேலிடத்துக்கும் அனுப்பினனாங்கள்."

மெற்றில்டா எழுந்தாள்.

"எல்லாத்தையும் மேலைதான் அனுப்பிறியள் நீங்கள். என்ரை பிள்ளை கீழை இருக்கிறாள்."

அதற்கு அடுத்தநாள் காலையில் மகளின் சீருடையை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

"வெளிக்கிடு."

"போகமாட்டன் எண்டு சொன்னனான்."

"உன்னை ஒருத்தரும் தூக்கமாட்டினம். நான் தூக்க விடமாட்டன். வெளிக்கிடு."

தாயின் குரலில் என்ன இருந்ததோ, லவீனா மறுபேச்சுப் பேசாமல் வெளிக்கிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாடம் நடந்துகொண்டிருந்தது. அதிபர் விறாந்தையில் நின்றார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரும் தாயைக் கண்டதும் முகத்தில் சிரிப்பை வரவழைத்தார்.

"வாங்கோ வாங்கோ. பிள்ளை ரெண்டு நாளாக் காணேல்லை. பெடியளைக் கூப்பிடட்டோ?"

"வேண்டாம் சேர். அந்த அறைப் பூட்டின்ரை திறப்பைத் தாங்கோ. வர்த்தக வகுப்பு இனிக் கீழை நடக்கட்டும். அந்த வீடியோவையும் அழிச்சுவிடுங்கோ."

சிரிப்பு மறைந்தது. "அம்மா, முதலே சொன்னனான். சங்கத்திட்டைக் கேக்காமல் திறக்கேலாது. அடுத்த கூட்டத்திலை கதைச்சுப் பாக்கிறன். வீடியோவிலை என்ன பிழை? பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு நல்ல பேர்! உதவி செய்த பெடியளின்ரை மனதையும் யோசியுங்கோ."

"என்ரை பிள்ளையின்ரை மனதை ஆர் யோசிச்சது?"

"நீங்கள் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுறியள். சந்தை மாதிரிச் சத்தம் போடாதேங்கோ. வகுப்புகள் நடக்குது."

அதுவரைக்கும் மெற்றில்டா சத்தம் போடவே இல்லை. அவர் சந்தை என்ற பிறகுதான் அவளுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. பூப்பாத்தியின் ஓரத்தில் சுண்ணாம்பு அடித்து அடுக்கியிருந்த கற்களில் ஒன்றைக் குனிந்து பிடுங்கினாள். நேரே போய் ஆமைப்பூட்டில் ஓங்கி அடித்தாள். பூட்டு அசையவில்லை. "என்னம்மா செய்யிறியள்!" என்று அதிபர் ஓடி வந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மீன் தலை வெட்டிப் பழகிய கை. திரும்பவும் திரும்பவும் அடிக்க, பூட்டு நின்றது, அதைக் கோத்திருந்த கதவின் கொண்டிதான் ஆணியோடு கழன்று விழுந்தது.

கதவைத் தள்ளினாள். உள்ளே புழுங்கல் நாற்றம். கதிரைகளுக்குச் சுற்றிய பொலித்தீன்கூடப் பிரிக்கவில்லை. மேசைகளில் பல்லி எச்சம். பெரிய திரைக்கு ஒரு பச்சைத் துணி போர்த்திக் கிடந்தது. யாரோ வந்து திறந்துவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போன நாளுக்குப் பிறகு ஒரு பிள்ளையும் அங்கே கால்வைக்கவில்லை என்பது பார்க்கவே தெரிந்தது.

மெற்றில்டா மகளை உள்ளே தள்ளிக்கொண்டு போய் முன்வரிசையில் விட்டாள். கையில் இரத்தம். கல்லைக் கீழே வைக்க மறந்துபோய் அப்படியே வாசலில் நின்றாள்.

அதிபர் பொலிசுக்கு அழைத்தார். "அரச சொத்தை உடைச்சுப்போட்டா" என்று போனில் கத்துவது பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது.

மேல்மாடியிலும் கேட்டது. வகுப்பில் இருந்த எல்லோரும் விறாந்தைச் சுவரால் எட்டிப் பார்த்தார்கள். பிறகு சானுயா தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். லவீனாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெட்டையள். பிறகு பெடியள். படி முழுக்கக் கதிரைக் கால்கள் இடிபடும் சத்தம். கடைசியாக ஜெரிசன், மேலே லவீனா பாவித்த மேசையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். அதை அவள் முன்னால் வைத்துவிட்டு நிமிராமலே சொன்னான்:

"படம் எடுத்தது எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருக்கமாட்டம்."

"தெரியும்" என்றாள் லவீனா. மன்னித்துவிட்டாள் என்றும் சொல்ல முடியாத முகம்.

வாகீசன் சேர் மட்டும் மேலே வெறும் வகுப்பில் சோக்குக் கட்டியோடு நின்றார். நிரந்தர நியமனம் கிடைத்து அதிக காலம் ஆகாத மனுசன்; அதிபரோடு முரண்படப் பயம். கொஞ்ச நேரம் விறாந்தைக்கும் வகுப்புக்குமாக நடந்தார். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கி வந்தார்.

"சேர், நீங்கள் மேலை போங்கோ" என்றார் அதிபர்.

"பிள்ளையள் எல்லாம் கீழை நிக்கினம் சேர். நான் மேலை ஆருக்குப் படிப்பிக்கிறது?"

சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பொலிஸ் வந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனபோது லவீனா அழுவாள் என்று மெற்றில்டா எதிர்பார்த்தாள். லவீனா அழவில்லை. யன்னல் வழியாகத் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் முந்தாநாளைய கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் அவளுடைய கையில் பேனை இருந்தது.

நிலையத்தில் பொறுப்பதிகாரி இரண்டு பக்கமும் கேட்டார். சிங்களவர், தமிழ் நன்றாகவே விளங்கும். அதிபரைப் பார்த்து, "என்ன களவு போனது?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை. "என்ன உடைந்தது?" கொண்டி. "இப்போ அந்த அறையில் என்ன நடக்குது?" அதிபர் கொஞ்சம் தயங்கி, "வகுப்பு" என்றார்.

பொறுப்பதிகாரி பெருமூச்சு விட்டார். "அம்மா, ஒரு மன்னிப்பு கேளுங்க. முடிச்சுக்கொண்டு வீட்டை போகலாம்."

அதற்குள் லெனாட்டும் கரையில் இருந்து ஓடி வந்து வாசலில் நின்றான். கேள், கேட்டுவிட்டு வா என்று கண்ணாலே கெஞ்சினான்.

"கேக்கமாட்டன்" என்றாள் மெற்றில்டா. "வழக்குப் போடுங்கோ. நீதவானுக்கு முன்னாலை நிண்டு, அந்தக் கொண்டி ஏன் உடைஞ்சதெண்டு சொல்லுறன். பூட்டி வைச்ச அறையையும் சொல்லுறன், என்ரை பிள்ளையைப் படம் எடுத்ததையும் சொல்லுறன். பேப்பர்காரரும் வரட்டும். அவருக்குத்தான் படம் எண்டா விருப்பமாச்சே."

அதிபர் தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு பொறுப்பதிகாரியோடு தனியே கதைத்தார். முறைப்பாட்டை வாபஸ் வாங்கிக்கொண்டு, மெற்றில்டாவின் முகத்தைப் பார்க்காமலே தன் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்.

வர்த்தக வகுப்பு கீழேயே நடந்தது. "தற்காலிகமாக" என்று ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் சொன்னாராம். ஏசி போட விடவில்லை, திரையைத் தொட விடவில்லை. பள்ளிக்கூடம் வீடியோவை நீக்கிவிட்டது. ஆனால் வேறு யார் யாரோ அதைத் தங்கள் பக்கங்களில் போட்டுவிட்டார்கள். அவற்றை யாராலும் எடுக்க முடியவில்லை. இப்போதும் சந்தையில் எப்போதாவது ஒருவர், "உன்ரை மகளல்லோ அது, பாவம்" என்பார். மெற்றில்டா அப்படிப்பட்டவர்களுக்கு மீன் விற்பதில்லை.

தை மாதம் பள்ளிக்கூடத்தில் இருந்து அழைப்பு வந்தது. விசேட தேவையுடைய மாணவர்களுக்கான உட்படுத்தல் வகுப்பறைத் திறப்பு விழா. அதே அறைதான். வாசலுக்கு ஒரு சின்னச் சாய்தளம் போட்டு, புதுப்பெயர் எழுதியிருந்தார்கள். கல்விப் பணிமனைப் பெரியவர்கள் வருகிறார்கள், கனடாவில் இருந்தும் ஒருவர் வருகிறார். லவீனா நன்றியுரை சொல்லவேண்டும், தாய் முன்வரிசையில் இருக்கவேண்டும் என்று அதிபரே போனில் கேட்டார். அந்தக் கல்லைப் பற்றியோ கொண்டியைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

"ஆருக்கு நன்றி சொல்லுறது சேர்?" என்று லவீனா கேட்டாள். அவர் விளக்கத் தொடங்க, "எனக்குச் சுகமில்லை" என்று போனை வைத்துவிட்டாள்.

விழா நாளன்று மெற்றில்டா வழமைபோலச் சந்தைக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வர, லவீனா மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தானே கணக்குச் செய்துகொண்டிருந்தாள். கோடு போடும் அடிமட்டத்தை மேசையில் வைக்கிற வைப்பிலேயே அவளுடைய கோபம் தெரிந்தது.

"என்ன பிள்ளை?"

"இண்டைக்குப் பங்குடைமைக் கணக்குத் தொடங்க இருந்தவர் சேர். அறையிலை விழா எண்டு வகுப்பை நிப்பாட்டிப்போட்டினம். வேறை நாளும் தரமாட்டினமாம்."

மெற்றில்டா முகம் கழுவவில்லை. உடுப்பு மாற்றவும் இல்லை. மீன்வாடையோடு அப்படியே திரும்பிப் படலையைத் திறந்தாள்.

"எங்கை போறியள்?"

"விழா முடியமுன்னம் போய் வேறை நாள் கேட்டு வாறன்."

"நில்லுங்கோ அம்மா" என்றாள் லவீனா. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, சில்லைத் தானே உருட்டிப் படலைக்கு வந்தாள். "நான் கேக்கிறன். நீங்கள் தள்ளிக்கொண்டு மட்டும் வாங்கோ."